உப்புப் போட்ட எரு: பேசாலைக்கும் நானாட்டானுக்கும் போய்வந்த கதை

இந்தப் பக்கத்தில் நான் கடைசியாக எழுதியது மாசி மாதம். ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பங்குனியில் என் மனைவி டிலானி காலமானாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இங்கே நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் அவள் எடுத்தவை. ஆகவே இந்தக் கட்டுரையில் படம் இருக்காது.

இது மன்னாருக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதுவது. தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும் பூக்கிற நேரத்தில் வாடிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும்தான். இரண்டும் ஒரே கட்டுரைக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிலானியின் ஊர் பேசாலை. மன்னார்த் தீவில், பட்டினத்திலிருந்து தலைமன்னார்ப் பக்கமாகப் பதினாறு கிலோமீற்றர். அவளுடைய தங்கை ஜெசிந்தா நாலு வயது மகளோடு தாய் தகப்பன் வீட்டில்தான் இருக்கிறாள். கணவர் விட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் உள்ள கால் ஏக்கரில் அவள் இரண்டு தரம் கத்தரி வைத்தாள். இரண்டு தரமும் வாடல் நோய் வந்து முழுக்கப் போனது. மூன்றாம் தரமும் போனால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்து, கடவுச்சீட்டை ஏஜென்சியில் கொடுத்தும் விட்டாள். ஆவணியில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது அதைச் சொல்லத்தான். என்னிடம் அவள் காசு கேட்கவில்லை. "அத்தான், உங்கட அந்தப் பூஞ்சண மருந்து இந்த மண்ணுக்குச் சரிவருமோ?" என்று மட்டும்தான் கேட்டாள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அவித்த அரிசியில் ட்ரைக்கோடெர்மா என்ற பங்கசை வளர்த்துப் பைகளில் அடைப்பது என் வேலை. எல்லாப் பூஞ்சணமும் கெட்டதில்லை. வாடலை உண்டாக்கும் பங்கசு மண்ணில் இருந்து வேருக்குள் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். ட்ரைக்கோடெர்மா வேரைச் சுற்றி முதலே வளர்ந்து, அதற்கு இடம் விடாமல் செய்யும். சமயத்தில் அதையே தின்றும் விடும். பஸ் சீற்றில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுமாதிரித்தான். ஆனால் முதலே போடவேண்டும். மற்றவர் வந்து இருந்த பிறகு லேஞ்சியைப் போட்டுப் பிரயோசனமில்லை.

புரட்டாதியில் இரண்டு பொதிகளை மன்னார் பஸ்ஸில் அனுப்பினேன். ஒன்று ஜெசிந்தாவுக்கு. மற்றது நானாட்டானில் தோட்டம் செய்யும் தவராசா அண்ணைக்கு. அவர் எங்கள் ஆய்வுகூடத்தின் பழைய வாடிக்கைக்காரர். இருவருக்கும் ஒரே அறிவுறுத்தல்தான்: உக்கிய மாட்டெருவில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, ஈரம் காயாமல் இரண்டு கிழமை வைத்திருங்கள். குவியல் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்ததும் நடுகைக் குழியில் ஒரு பிடி போடுங்கள். நடுகையை நான் வந்து பார்க்கிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு ஒரு பஸ் இருக்கிறது. கட்டணம் 430 ரூபாய். சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, வெள்ளாங்குளம் வழியாக ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இடப்பக்கம் இருந்தால் காடும் குளங்களும், வலப்பக்கம் இருந்தால் இடையிடையே கடல். திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிறவர்கள் மன்னாருக்குள் போகத் தேவையில்லை. பாலத்துக்கு முன்னே உள்ள சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை என்பதால் பஸ்ஸில் பாதிப் பேர் அங்கே இறங்கினார்கள்.

பிறகு தீவுக்குப் போகும் நீண்ட பாலம். இரண்டு பக்கமும் களப்பு. டிலானி இந்த இடத்தில் எப்போதும் யன்னலைத் திறப்பாள். நான் திறக்கவில்லை. முன்னால் இருந்தவர் திறந்தார். காற்று எப்படியும் வந்தது.

மன்னார் பஸ் நிலையத்தில் பிளேன்ரீ குடித்துவிட்டுத் தலைமன்னார் பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் பேசாலை. தெருவில் கழுதைகள் நின்றால் சாரதி ஹோன் அடிக்கமாட்டார், மெதுவாகச் சுற்றிப் போவார். தெற்குக் கரையில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். கார்த்திகைக்குப் பிறகு போனால் களப்பில் பூநாரைகள் பார்க்கலாம் என்கிறார்கள். நான் போனபோது ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கவனித்திருப்பேனோ தெரியாது.

மாமா படலையடியில் நின்றார். முழங்கால் பழுதாகிக் கடலுக்குப் போவதை விட்டவர். "வாங்கோ தம்பி, மெலிஞ்சு போனியள்" என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மாமி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா. எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டா. ஒருதரும் இருக்காத அந்தக் கதிரையையும் சேலைத் தலைப்பால் துடைத்தா.

ஜெசிந்தா நேரே என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டாம் தரம் வைத்த கத்தரியில் ஒரு வரிசையை அவள் பிடுங்காமல் விட்டிருந்தாள். காய் பிடித்த கன்றுகள் காய்களோடு தொங்கிப்போய் நின்றன. கீழ் இலைகள் மஞ்சள். மண் ஈரமாகத்தான் இருந்தது.

வாடல் என்று வந்தால் முதலில் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. வாசிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், செலவில்லை. வாடத் தொடங்கிய ஒரு கன்றின் அடித்தண்டை விரலளவுக்கு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் சுத்தமான தண்ணீர் விட்டு, வெட்டுமுகம் நீரில் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்தில் இருந்து பால்போல நூல் நூலாக வடிந்தால் அது பற்றீரியா வாடல். அதற்கு என் பங்கசை நம்பி இருக்க ஏலாது, அந்த மண்ணில் கத்தரியையே மறந்துவிட வேண்டியதுதான். தண்ணீர் தெளிவாக இருந்து, தண்டைப் பிளந்தால் உள்ளே மண்ணிற வளையம் தெரிந்தால் பெரும்பாலும் பங்கசு.

கிணற்றுக் கட்டின் மேல் கிளாசை வைத்தேன். ஜெசிந்தா குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாவும் வந்தார். மாமி ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றா. முடிவுக்காக ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு குடும்பமாக நிற்பது எப்படி என்று பங்குனியில் ஆஸ்பத்திரியில் நின்ற எங்கள் நாலு பேருக்கும் தெரியும். மாமாதான் கடைசியில், "பால் வடியாட்டி நல்லதோ, வடிஞ்சா நல்லதோ?" என்று கேட்டார்.

"வடியாட்டித்தான் நல்லது மாமா."

வடியவில்லை. தண்டைப் பிளந்து காட்டினேன். உள்ளே தேயிலைச் சாயம் பிடித்தமாதிரி வளையம். ஜெசிந்தா நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வைக்கலாம் என்ன அத்தான்?" என்றாள். நாற்றுகள் தட்டுகளில் ஆயத்தமாக இருந்தன. ஞாயிறு பின்னேரம் நடுவதாகத் திட்டம். அதற்கு மேல் பிந்தினால் நாற்றுத் தண்டு நீண்டு பழுதாகிவிடும்.

எருக் குவியல் எங்கே என்று கேட்டேன்.

குவியல் இருந்த வேம்படியில் நிலம் கூட்டிப் பெருக்கியிருந்தது. மாமி சிரித்தபடி என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பங்குனிக்குப் பிறகு அவ சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். உள்ளே மூன்று சாக்குகள், வாய் தைத்து, நிலத்தில் படாமல் பலகைக்கு மேல் அடுக்கியிருந்தன. ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டேன். தூள்போலக் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் வெள்ளையாக மினுங்கியது உப்பு.

நடந்தது இதுதான். ஜெசிந்தா நான் சொன்னபடியே கலந்து மூடிவிட்டு, குவைத் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்காகச் சில நாள் கொழும்புக்குப் போயிருக்கிறாள். எருவைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று தாயிடம் சொல்லிப் போனாள். மாமி பார்த்துக்கொண்டா.

"சாக்கைத் தூக்கினா முழுக்கப் பூஞ்சணம் தம்பி. பச்சைப் பச்சையா. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. நீங்கள் அவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பின சாமான். உடன ரெண்டு சுண்டு கல்லுப்புப் போட்டுப் பிரட்டி, தட்டியில பரப்பி, மூண்டு வெய்யில் காட்டி எடுத்தனான். ஒரு பொட்டுப் பூஞ்சணம் இருக்கோ பாருங்கோ."

"காகம் வராமல் மேல வலையும் போட்டவ" என்றார் மாமா. "எருவைக் காகம் என்ன செய்யும் எண்டு கேட்டதுக்கு என்னோட சண்டை."

பேசாலையில் இருந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மாமி நாற்பது வருடமாகக் கருவாடு போடுகிறவ. அங்கே ஒரு பெண்ணின் கருவாட்டில் பூஞ்சணம் கண்டால், வாங்க வருகிற முதலாளி சாக்கை மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தக் கெட்ட பேர் போக வருடக்கணக்காகும். ஈரம் என்றால் உப்பு, பச்சை என்றால் வெயில். யோசிக்கும் முன்னரே கை அதைச் செய்துவிடும். என் அறிவுறுத்தலில் பச்சையாக வரும் என்று எழுதியிருந்தேன். அது ஜெசிந்தாவின் தொலைபேசியில் இருந்தது. தொலைபேசி கொழும்பில் இருந்தது.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு மாமி" என்றேன். அது உண்மைதான். சாப்பிட இருக்கும்வரை யோசித்தேன். சொல்லாமல் விட்டு அந்த எருவையே போட்டால் நாற்றுக்கு அந்த உப்பே போதும், வாடல் வரவேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் தரமும் போய்விடும். பிள்ளை இங்கே இருக்க, தாய் குவைத்தில் இன்னொருவரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். சொன்னால், மாமி அந்தச் சிரிப்பைத் திரும்பக் கொடுக்கவேண்டி வரும். நான் ஆய்வுகூடக்காரன். கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான்.

சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஜெசிந்தா சாப்பிடுவதை நிறுத்தினாள். "அம்மா, அது உயிருள்ள சாமான்" என்றாள். குரல் உயரவில்லை.

"பூஞ்சணமோ?"

"ஓம் மாமி. அதைத்தான் வளக்கச் சொன்னனான்."

மாமி கையில் இருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தா. "அப்ப நான் அதைக் கொன்றுபோட்டன்."

முழுக்கச் செத்திருக்காது, கொஞ்சம் மிஞ்சியிருக்கும், இப்போது பிரச்சினை உப்புத்தான் என்று விளக்கினேன். அதுவும் உண்மைதான். அவ கேட்டாவோ தெரியாது. பிறகு சொன்னா: "எனக்கு ஒண்டும் பழுதாப் போறதைப் பாத்துக்கொண்டிருக்கேலாது தம்பி."

"தெரியும் மாமி."

எனக்கு இன்னொரு மீன் துண்டு போட்டா. நான் சாப்பிட்டேன்.

கைகழுவிய பிறகுதான் தவராசா அண்ணையின் நினைவு வந்தது. அவருக்கும் அதே நாளில்தான் பொதி போனது. கூப்பிட்டுக் கேட்டேன். குவியல் வந்து நிற்குது, பத்துத் தோட்டக்காரருக்குக் குடுக்கலாம் என்றார். ட்ரைக்கோடெர்மாவின் நல்ல குணம் இது. வளர்ந்த எருவில் ஒரு பங்கை எடுத்துப் புது எருவில் கலந்தால் அதுவும் வளரும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல.

சனிக்கிழமை பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று பிடித்தோம். பேசாலையில் இருந்து மன்னார் பட்டினம், பாலம் தாண்டி நானாட்டான், திரும்பவும் பேசாலை. எழுபத்தைந்து எண்பது கிலோமீற்றர் வரும், 9000 ரூபாய். காலையில் எல்லாப் பட்டாவும் மீன் ஏற்றப் போய்விடும், ஆகவே மத்தியானத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். இதைத் தெரிந்து வைத்திருங்கள். சாரதி நிஸாம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எரு எடுக்க நானாட்டானுக்கோ, பேசாலையில் மாடே இல்லையோ என்று கேட்டார். ஜெசிந்தா விளக்கினாள். பூஞ்சணம் எடுக்கப் போகிறோம் என்று கேட்டதும் அவர் பிறகு பாலம்வரை ஒன்றும் கேட்கவில்லை.

பாலத்தில் ஏறியதும் ஜெசிந்தாதான் தொடங்கினாள்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. இது சரிவருமோ?"

சரிவர வாய்ப்புக் கூட என்றேன். மண்ணில் நோய் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, சில கன்று போகத்தான் செய்யும், எல்லாம் நிற்கும் என்று என்னால் சொல்ல ஏலாது என்றேன்.

"ஏஜென்சிக்காரன் எல்லாம் சரிவரும் எண்டுதான் சொல்லுறான்" என்றாள். "அதாலதான் உங்களைக் கேட்டனான்."

நானாட்டான் தீவைப்போல இல்லை. வயல், வாய்க்கால், குளக்கட்டு, தெரு முழுக்க உழவு மெசின்கள். மழைக்கு முந்தின உழவுக் காலம் என்பதால் மண்மணம் லொறிக்குள்ளேயே வந்தது. தவராசா அண்ணையின் வளவு பிரதான வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. மாமரத்து நிழலில் சாக்கைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை நூல் படர்ந்து, அதற்கு மேல் பாசிப்பச்சைத் தூள். மணம் காட்டு மண்ணின் மணம். கெட்டுப்போன மணமே இல்லை. ஆய்வுகூடத்தில் நான் தினமும் பார்ப்பதுதான். இருந்தும் நான் கொஞ்சநேரம் குந்தியிருந்து பார்த்தேன்.

கதையைக் கேட்டுத் தவராசா அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "கருவாட்டுக்காரரிட்ட எருவைக் குடுத்தா அதுவும் கருவாடாத்தானே வரும்."

"உங்கட நெல்லுக்குப் பூஞ்சணம் பிடிச்சா நீங்கள் என்ன செய்வியள் அண்ணை? கற்பூரம் கொளுத்துவியளோ?" என்றாள் ஜெசிந்தா.

அவருடைய மனைவி இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, எங்களைக் கெதிப்படுத்தினா. விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுப்பதில்லையாம், இதுவும் அந்தமாதிரிச் சாமான்தானாம், ஆகவே பொழுதுபட முதல் ஏற்றிவிட வேண்டுமாம். விலை கேட்டேன். "உறைமோருக்கு ஆர் காசு வாங்கிறது?" என்று மட்டும் சொன்னா.

இரண்டு சாக்கு நிரப்பினோம். ஏற்றப்போகும்போது லொறித் தட்டு ஈரமாக இருப்பதைக் கண்டேன். கழுவித்தான் வைத்திருக்கிறன், ஒரு மணமும் வராது என்றார் நிஸாம். எந்தத் தண்ணீரில் கழுவினது என்று கேட்டேன். கடல் தண்ணீர். ஜெசிந்தா தலையில் கை வைத்தாள். தவராசா அண்ணை உள்ளே போய்த் தறப்பாள் ஒன்று கொண்டுவந்து விரித்தார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்தது. பின்னேரம் வெயில் தணிய நடுகை தொடங்கினோம். ஒரு சாக்கு எரு குழிகளுக்கு. மற்றச் சாக்கைப் புது எருவோடு கலந்து வேம்படியில் குவித்தோம், முதல் களை எடுக்கும்போது போட. நாற்றின் வேரை அந்த எருவைக் கரைத்த தண்ணீரில் நனைத்து நானும் ஜெசிந்தாவும் நட்டுக்கொண்டு போனோம். மாமா கதிரை போட்டிருந்து நூல் பிடித்தார். உப்பெருவை அவர் காலையிலேயே தென்னைகளுக்கு ஒதுக்கிவிட்டார், தென்னைக்கு உப்பு ஆகும்.

மாமி கிணற்றடியிலேயே நின்றா. மூன்றாவது வரிசையில் எருச் சட்டியை நான் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அது அங்கே இல்லை. மாமி அதை எடுத்து இடுப்பில் வைத்திருந்தா. பச்சையைப் பார்த்து முகத்தைச் சுழித்தா. பிறகு கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, அடுத்த குழிக்குள் போட்டா.

"இவ்வளவு காணுமோ?"

"காணும் மாமி."

"கையில பிடிக்குது."

"பிடிக்கட்டும். ஒண்டும் செய்யாது."

மிச்ச வரிசை எல்லாவற்றுக்கும் அவதான் போட்டா. நான் ஞாயிறே திரும்புவதாகச் சொல்லியிருந்தேன், திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸில்தான் வந்தேன்.

இனி, போகிறவர்களுக்கும் செய்து பார்க்கிறவர்களுக்கும் சில விசயங்கள். மன்னாருக்குப் புரட்டாதி, ஐப்பசியில் போனால் வெயில் கடுமை. தை, மாசி நல்லது. பேசாலையில் தங்குமிடம் குறைவு, பட்டினத்தில் அறை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வரலாம். முள்ளிக்குளம் பக்கம் போக விரும்பினால் சிலாவத்துறை வழியாகப் போகவேண்டும், பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைச் சாரதியிடமே கேட்டுவிட்டு இறங்குங்கள். கருவாடு வாங்குகிறவர்கள் கடையை விட வீடுகளில் வாங்குங்கள், கோபிக்காமல் மணந்து பார்க்க விடுவார்கள்.

ட்ரைக்கோடெர்மாவைப் பொறுத்தவரை: வாடிய கன்றை அது எழுப்பாது. இதை நம்பி ஒருதரும் காசைச் செலவழிக்க வேண்டாம். நடுகைக்கு முதல் போட்டால்தான் உதவும். பங்கசுநாசினியோடு ஒரே நாளில் போடாதீர்கள், சாம்பலோடு கலக்காதீர்கள், பொதியை வெயிலில் வைக்காதீர்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்காமல் இடைக்கு ஒரு போகம் வேறு ஏதாவது வையுங்கள். முக்கியமானது: வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். எழுத்தில் அனுப்பினால் போதாது. பச்சையாக வரும், அது பழுதில்லை, அப்படியே விடுங்கோ என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லுங்கள். அடுத்த பொதிகளோடு நான் அப்படித்தான் செய்கிறேன். தொலைபேசியில் வீட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிடச் சொல்லுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

தோட்டம் பூத்த பிறகு எழுதலாம் என்று இந்தக் கட்டுரையை இதுவரை வைத்திருந்தேன். இரண்டு தரமும் கன்றுகள் விழுந்தது பூத்த பிறகுதான். மார்கழி நடுவில், மழை விட்டிருந்த ஒரு காலை, ஜெசிந்தாவிடம் இருந்து குரல் செய்தி வந்தது. கிணற்றுப் பக்க மூலையில் நாலைந்து கன்று தொங்கிப்போய் நிற்குது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். மண்ணோடு பிடுங்கி எரிக்கச் சொன்னேன், அந்தக் குழியின் தண்ணீர் பக்கத்துக் குழிக்குப் போகாமல் அணை கட்டச் சொன்னேன். பிறகு ஒரு கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று சொல்லலாம். பங்குனிக்குப் பிறகு எனக்கு எதற்கும் பயம் வரவில்லை, ஆகவே அது பயம்தானா என்று அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

முந்தநாள் மற்றச் செய்தி வந்தது. ஏஜென்சியில் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கியாச்சாம். வேணுமெண்டால் பிறகும் குடுக்கலாம்தானே என்று அதற்குப் பின்னால் ஒரு வசனம். முதல் காய் பிடுங்கியாச்சாம், மாமா அதைச் சந்திக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் குசினிக்குக் கொடுத்தாராம். மூலைக் கன்றுகளைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னாள்.

"அந்த மூலையில ஆறு கன்று போயிட்டுது அத்தான். மற்றதுகள் நிக்குது. அம்மா பின்னேரத்தில ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்துக்கொண்டு போறா. எப்ப வாறியள் எண்டு கேக்கிறா."

வாற வெள்ளி வாறன் என்று பதில் போட்டேன்.